ரெசிஸ்டருக்கு ஜாதகம் பார்க்க வேண்டாம்

நீளமான பதிவுங்க. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். விஷயம் ஆம்ப்ளிஃபையர் பற்றியது. அதில் கை வைக்காதவர்களுக்கும் கடைசியில் ஒரு சேதி வைத்திருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இரைச்சலே வராத ரெசிஸ்டர்' என்று சொல்லி ஒன்று நானூறு, ஐநூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, வீட்டில் நாமே கோர்க்கும் ஆம்ப்ளிஃபையருக்கு அதை வாங்காதீர்கள். நீல நிற உடம்போடு ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போதும். போதும் என்றால், 'ஏழைக்கு இது போதும்' என்கிற போதும் கிடையாது. அதற்கு மேல் கொடுக்கும் காசு உங்கள் காதுக்கு வந்து சேரவே சேராது என்கிற போதும். அதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தப் பதிவு அந்தக் கணக்குதான்.

எதற்கு இத்தனை சூடு என்று கேட்பீர்கள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், இப்போது கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறான். பெயர் வேண்டாம். பாட்டுப் பைத்தியம். டிடிஏ 2030 ஐசி போட்டு ஒரு ஆம்ப் செய்ய ஆரம்பித்தான். லேசாக 'இஸ்ஸ்' என்று சத்தம் வருகிறது என்று யாரிடமோ கேட்டிருக்கிறான். 'ரெசிஸ்டர் எல்லாத்தையும் மாத்து, லோ நாய்ஸ் போடு' என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 14 ரெசிஸ்டர், ஒன்று 450 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 6,300. ஓவர்டைம் பார்த்த காசு. மாற்றிய பிறகும் அதே 'இஸ்ஸ்'. திரும்பப் போய்க் கேட்டால் வந்த பதில் என்ன தெரியுமா? 'கொஞ்ச நாள் ஓடவிடு, செட் ஆகும். அப்பவும் வித்தியாசம் தெரியலன்னா உனக்குக் காது பழகல.'

காசு போனதைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. உழைக்கிற பையனிடம் காசையும் வாங்கிக்கொண்டு, குறை உன் காதில் என்று சொல்லி அனுப்புவது என்ன நியாயம்? ஆகவே கணக்குக்கு வருகிறேன்.

முதலில், இரைச்சல் என்றால் எந்த இரைச்சல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் என்று வந்தவனிடம் என்ன காய்ச்சல் என்று கேட்காமல் ஊசி போடுகிற மாதிரிதான் எல்லாவற்றுக்கும் ரெசிஸ்டரை மாற்றச் சொல்வது. ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று வந்தால் அது கரண்டிலிருந்து வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை நேராக்கிய பிறகு மிஞ்சுவது 100 ஹெர்ட்ஸ். எர்த் வயரும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இடமும், வடிகட்டும் கன்டென்சரும் அதற்குப் பொறுப்பு. வால்யூமைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால் வால்யூம் கன்ட்ரோலின் பாதை தேய்ந்திருக்கும், அல்லது அதற்கு முன்னால் உள்ள கன்டென்சர் கசிந்து நேர்மின்னோட்டம் அதன் வழியாகப் போகும். விடாமல் மழை பெய்கிற மாதிரி 'இஸ்ஸ்' என்று வருவது மூன்றாவது வகை. ரெசிஸ்டருக்குச் சம்பந்தம் இருக்கக்கூடியது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

அந்த 'இஸ்ஸ்' எங்கிருந்து பிறக்கிறது என்பதை 1928-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் அளந்து காட்டினார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். இருவருமே சுவீடனில் பிறந்தவர்கள். விஷயம் எளிமையானது. எந்தப் பொருளிலும் உள்ள எலக்ட்ரான்கள் வெப்பத்தால் சும்மா இருக்காமல் அலைந்துகொண்டே இருக்கும். பஸ் ஒன்றுகூடக் கிளம்பாவிட்டாலும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டே இருக்கிற மாதிரி. அந்த அலைச்சல்தான் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே மிகச் சிறிய வோல்டேஜாகத் தெரிகிறது.

அது எவ்வளவு என்று கண்டுபிடிக்க நைக்விஸ்ட் கணக்கில் வேண்டியவை இவ்வளவுதான்: 4, போல்ட்ஸ்மான் மாறிலி, வெப்பநிலை, ஓம் மதிப்பு, எத்தனை ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கேட்கிறோம் என்பது. எல்லாவற்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 27 டிகிரியில், 20,000 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு, 1 கிலோ ஓம் தருவது 0.58 மைக்ரோவோல்ட். 10 கிலோ ஓம் 1.8. 100 கிலோ ஓம் 5.8. ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இப்போது அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். அதில் கம்பெனி பெயர் எங்கே இருக்கிறது? விலை எங்கே இருக்கிறது? ஜப்பானா, ஜெர்மனியா என்பது எங்கே இருக்கிறது? இல்லை. 10 கிலோ ஓம் என்றால் 1.8 மைக்ரோவோல்ட். ஒரு ரூபாய்க்கு வாங்கினாலும் அதேதான், ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் அதேதான். ஒரு கம்பெனியாலும் இதைக் குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் வெப்பத்தைக் குறைக்கலாம், ஆனால் சித்திரை வெயிலில் 40 டிகிரிக்குப் போனாலும் மாற்றம் 2 சதவீதம்தான். மிச்சம் இருக்கிற ஒரே வழி, ஓம் மதிப்பைக் குறைத்து வடிவமைப்பது. அது காசு கேட்காது, யோசனை கேட்கும்.

'அப்படின்னா லோ நாய்ஸ்ங்கிற பேச்சே பொய்யா சார்?' என்று கேட்பீர்கள். முழுப் பொய் இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரெசிஸ்டர் வழியாக நேர்மின்னோட்டம் ஓடும்போது மட்டும் கூடுதலாக இன்னொரு இரைச்சல் பிறக்கிறது. அது பொருளைப் பொறுத்தது. அந்தக் காலத்து வால்வு ரேடியோவில் பழுப்பு நிறத்தில் கட்டையாக இருக்குமே, கார்பன் காம்பொசிஷன், அது கரித்தூளைப் பிசின் போட்டு அழுத்திச் செய்தது. மின்சாரம் ஒரு துகளிலிருந்து இன்னொரு துகளுக்குத் தாவித் தாவிப் போக வேண்டும். அந்தத் தாவலில் சத்தம். மெட்டல் ஃபிலிம்மில் பீங்கான் குச்சியின் மேல் உலோகம் ஒரே படலமாகப் படிந்திருக்கிறது. தாவ வேண்டியது இல்லை, வழுக்கிக்கொண்டு போகும்.

இதற்கும் கணக்கு உண்டு. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் மேல் 10 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கிறது என்று வையுங்கள். கார்பன் காம்பொசிஷனின் இரைச்சல் குறியீடு 0 டெசிபெல் என்றால், அதாவது ஒரு வோல்ட்டுக்கு ஒரு மைக்ரோவோல்ட் வீதம் என்றால், நாம் கேட்கும் எல்லைக்குள் 17 மைக்ரோவோல்ட் வரும். −30 டெசிபெல் உள்ள மெட்டல் ஃபிலிம் 0.55 தரும். −40 உள்ள விலையுயர்ந்த சரக்கு 0.17 தரும்.

பார்த்தீர்களா, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே என்று விற்பவர் இந்த இடத்தில்தான் நிறுத்திக்கொள்வார். நாம் நிறுத்தக் கூடாது. அந்த ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் 1.8 எங்கும் போய்விடவில்லை. இரைச்சல்களைச் சும்மா கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், பிதாகரஸ் மாதிரி. அப்படிப் பார்த்தால் மொத்தம்: கார்பன் காம்பொசிஷன் 17.4, ஒன்றிரண்டு ரூபாய் மெட்டல் ஃபிலிம் 1.90, 450 ரூபாய் சரக்கு 1.83. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்தால் ஒன்பதில் ஒரு பங்கு ஆகிறது. அது உண்மையான லாபம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போனால் 4 சதவீதம். அந்த 4 சதவீதத்துக்குத்தான் 448 ரூபாய் கேட்கிறார்கள்.

இதெல்லாம் பெரிய இடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ ஆய்வுக்கூடத்தில், 2009-ல், பல வகை ரெசிஸ்டர்களை வாங்கி, மின்னோட்டம் பாய்ச்சி, ஒவ்வொன்றின் இரைச்சலையும் அளந்து அறிக்கை எழுதி வைத்தார்கள். உலகத்திலேயே மிக நுட்பமான கருவியைச் செய்கிறவர்கள் விளம்பரத்தை நம்பவில்லை, அளந்தார்கள். நாம் ஹாலில் வைத்துப் பாட்டுக் கேட்கிற பெட்டிக்கு அளக்காமல் நம்புகிறோம்.

இனி அந்தப் பையனின் போர்டுக்கு வருவோம். டிடிஏ 2030-க்குக் கம்பெனிக்காரர்களே கொடுத்த சர்க்யூட்டில் 22 கிலோ ஓமும் 680 ஓமும் சேர்ந்து, சத்தத்தை எத்தனை மடங்காக்குவது என்று தீர்மானிக்கின்றன. சுமார் 33 மடங்கு. இரைச்சல் விஷயத்தில் முக்கியமானது அந்த 680 ஓம். அதன் வெப்ப இரைச்சல் அரை மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, 0.47. அந்த ஐசியின் சொந்த இரைச்சல் எவ்வளவு? அவர்களே அச்சடித்திருக்கிறார்கள், சாதாரணமாக 3 மைக்ரோவோல்ட். இரண்டையும் பிதாகரஸ் முறையில் சேர்த்தால் 3.04.

அந்த 680 ஓமுக்குப் பதிலாக, உலகத்தில் இல்லாத, இரைச்சலே பூஜ்யமான ஒரு தெய்வீக ரெசிஸ்டரைப் போட்டாலும் 3.04 என்பது 3.00 ஆகும். அவ்வளவுதான். 1 சதவீதம் சொச்சம், டெசிபெல்லில் 0.1. நம் காதுக்கு 1 டெசிபெல் மாறினால் தெரிவதே அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. அந்த 680 ஓமுக்குத் தொடராக ஒரு கன்டென்சர் நிற்கிறது. நேர்மின்னோட்டம் அதைத் தாண்டாது. நேர்மின்னோட்டம் ஓடினால்தானே அந்தக் கூடுதல் இரைச்சல்? ஓடாத இடத்தில் லோ நாய்ஸ் ரெசிஸ்டர் போடுவது, தண்ணீர் வராத வாய்க்காலுக்கு மதகு கட்டுவது.

அதே போர்டில் வால்யூம் கன்ட்ரோலை யாரும் கவனிக்கவில்லை. அவன் போட்டிருந்தது 100 கிலோ ஓம். நடு இடத்தில் அது 25 கிலோ ஓமாக ஐசிக்குத் தெரியும். உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் 22 கிலோ ஓமோடு இணைந்து 11.7 கிலோ ஓம். அதன் இரைச்சல் 2 மைக்ரோவோல்ட். ஐசியின் 3-ஓடு சேர்த்தால் 3.6. அதைக் கழற்றிவிட்டு 10 கிலோ ஓம் கன்ட்ரோல் போட்டால் மொத்தம் 3.1. 13 சதவீதம் குறைகிறது. செல்போனும் ப்ளூடூத் போர்டும் 10 கிலோ ஓமை மூச்சுத் திணறாமல் ஓட்டும். பூஜ்ய இரைச்சல் ரெசிஸ்டர் தந்ததைப் போலப் பத்து மடங்கு லாபம். செலவு ஒரு டீ, ஒரு வடைக் காசு. இதை அந்தப் பட்டியலில் ஏன் எழுதவில்லை? இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால்தான்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த 3 மைக்ரோவோல்ட் 33 மடங்காகி ஸ்பீக்கருக்கு வரும்போது 100 மைக்ரோவோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒன்றேகால் பங்கு. ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல் தருகிற ஸ்பீக்கர் என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் 1 டெசிபெல். காது கேட்கக்கூடிய கடைசி விளிம்பு அது. உங்கள் வீட்டு சீலிங் ஃபேன் அதைவிடப் பல மடங்கு சத்தம் போடும்.

அப்படியானால் அவனுக்குக் கேட்ட 'இஸ்ஸ்' எது? ஆம்ப்புக்கு முன்னால் மாட்டியிருக்கும் யுஎஸ்பி, ப்ளூடூத் போர்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஆம்ப்பின் நுழைவாயிலை எர்த்தோடு ஷார்ட் செய்யுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதற்கு முன்னால் இருக்கிறான். நிற்காவிட்டால் ஆம்ப்பில் தேடுங்கள். அவனும் செய்து பார்த்தான், நின்றுபோனது. ஆறாயிரத்து முந்நூறு ரூபாய்க்குச் செய்யாத வைத்தியத்தை நாலு அங்குல வயர் செய்தது.

ரெசிஸ்டரைப் பார்த்துப் போட வேண்டிய இடங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். வால்வு ஆம்ப்பில் பிளேட்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் மேல் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அங்கே கார்பன் போட்டால் கேட்கும். டேப் ஹெட், ரெக்கார்ட் பிளேயர், மைக் இவற்றுக்கான முதல் கட்டத்தில் சிக்னலே சில மில்லிவோல்ட்தான், சமயத்தில் அதற்கும் கீழே. அங்கேயும் கவனம் வேண்டும். இந்த இடங்களிலும் மருந்து ஒன்றுதான்: நல்ல மெட்டல் ஃபிலிம், கால் வாட்டுக்குப் பதில் அரை வாட், முடிந்த வரை குறைந்த ஓம். தாத்தா காலத்து ரேடியோவைப் பழுது பார்ப்பவர்கள் பழைய கார்பன் கட்டைகளை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பலது எழுதியிருக்கும் மதிப்பை விட்டு எங்கோ போயிருக்கும். அவற்றை மாற்றுவது நியாயமான செலவு.

இனி வரப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும். 'கணக்கு கிடக்கட்டும் சார், எனக்குக் காதுல வித்தியாசம் கேக்குது.' சந்தோஷம். காதை நான் மட்டம் தட்ட மாட்டேன். சோதித்துப் பார்ப்போம். ஒரே மாதிரி இரண்டு போர்டு. ஒன்றில் ரெண்டு ரூபாய் ரெசிஸ்டர், இன்னொன்றில் 450 ரூபாய் ரெசிஸ்டர். சத்தம் இரண்டிலும் மீட்டர் வைத்துச் சமமாக இருக்க வேண்டும். நீங்கள் திரும்பி உட்காருங்கள். வீட்டில் யாராவது ஒருவர் காசைச் சுண்டி, பூ விழுந்தால் இது, தலை விழுந்தால் அது என்று மாற்றட்டும். பத்து தடவை. எது ஓடுகிறது என்று எழுதுங்கள். குருட்டாம்போக்கில் பத்தும் சரியாக வர 1,024-ல் ஒரு வாய்ப்புதான். ஒன்பதோ பத்தோ சரியாக வர 1,024-ல் 11. ஒன்பது சரியாகச் சொல்லிவிட்டால் உங்களை நம்புவேன். ஐந்து, ஆறு என்றால் காசு சுண்டினவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. விற்கிறவர்கள் யாராவது இந்தச் சோதனைக்கு உங்களைக் கூப்பிட்டார்களா? கேட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், இது நடப்பது கோயமுத்தூரில். மைக்ரோமீட்டர் வைத்து வேலை செய்கிற ஊர். பட்டறையில் ஷாஃப்ட் ஒரு தவ் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவோம். இதே பீளமேட்டில் 1956 முதல் சிட்ரா இருக்கிறது. நூலின் கவுன்ட் என்ன, வலு என்ன என்று சோதித்துத் தாளில் எழுதித் தருகிறார்கள். அவிநாசி ரோட்டில் பிஎஸ்ஜி டெக்கும் சிஐடியும் இருக்கின்றன. 1937-ல் மின் மோட்டார் செய்து காட்டிய ஜி.டி. நாயுடு, 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். விலை ஏன் இவ்வளவு, எதற்கு இத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் அப்படி ஒரு வார்த்தை வாயிலிருந்து வரும். அந்த ஊரில், பகலெல்லாம் அளந்து வேலை செய்த பையன், சாயங்காலம் ஆம்ப்ளிஃபையர் என்று வந்ததும் ஜாதகம் பார்க்கிறவனிடம் போகிற மாதிரிப் போய் நிற்கிறான். 'காது பழகணும்' என்றால் 'ஆமாங்கண்ணா' என்கிறான். பரிகாரத்துக்கு வேறு காசு.

சொந்தக்காரர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சொல்வதாகச் சொன்னேனே, அது இதுதான். வீட்டுப் பிள்ளை சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் திட்டாதீர்கள், கெட்டுப்போக மாட்டான். ஆனால் 'ஒசத்தியானது வாங்கிக் குடுத்துட்டேன்' என்று பெருமைப்படவும் வேண்டாம். அந்த 6,300 ரூபாயில் நல்ல மல்டிமீட்டர் ஒன்று, சூடு கட்டுப்படுத்தும் அயர்ன் ஒன்று, ஒழுங்கான டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கட்டு நீல ரெசிஸ்டர் எல்லாம் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். அளக்கத் தெரிந்த பிள்ளையை ரெசிஸ்டர் விற்கிறவனும் ஏமாற்ற முடியாது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவனும், மின்சாரம் மிச்சப்படுத்தும் டப்பா விற்கிறவனும் ஏமாற்ற முடியாது.

கண்ணுகளா, இனி யாராவது லோ நாய்ஸ் என்று நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மைக்ரோவோல்ட் குறையும்? என் சர்க்யூட்டில் இப்போது மொத்தம் எத்தனை மைக்ரோவோல்ட் இருக்கிறது? அந்த ரெசிஸ்டரில் நேர்மின்னோட்டம் ஓடுகிறதா? மூன்றுக்கும் எண்ணால் பதில் வந்தால் காசை எடுங்கள். 'கேட்டுப் பாருங்க, புரியும்' என்று வந்தால் பர்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கினவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ரெசிஸ்டர் கெட்டது இல்லை, நன்றாகவே வேலை செய்யும், அப்படியே விட்டுவிடுங்கள். என் கணக்கில் சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் எண் போட்டுக் கேளுங்கள், எண் போட்டே பதில் சொல்கிறேன். காசு சுண்டிச் சோதிக்கத் தயாராக இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. இரண்டு போர்டும் தயாராக வைத்திருக்கிறேன்.